எழுதி வைக்காத வாக்கு

அந்தக் கதையை மாசிலாமணி இருபத்தேழு வருஷமாக முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. கதையில் வருகிற ஆள் அவரே என்பதால் அது சங்கடமாக இருந்தது. பெண்டாட்டி ஜெபராணி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிற ஒன்றை, கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு நடுவே எழுந்து நின்று, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். மாட்டு வைத்தியரான அவரிடம் இருந்ததெல்லாம் உதைக்கிற மாட்டின் பின்னால் போய் நிற்கிற துணிச்சல்தான். கதை சின்னது. மகள் பெர்சி ஏழாம் மாசத்தில் பிறந்தாள். ஒரு கிலோ நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். அப்போது மாசிலாமணி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்து, “இவ எங்கயும் போக மாட்டா. எழுதி வச்சுக்கோ” என்றார். அவ்வளவுதான். ஜெபராணி இதைச் சொல்லும்போது “எழுதி வச்சுக்கோ” என்கிற இடத்தில் ஆள்காட்டி விரலால் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவாள். கேட்கிறவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் தட்டைப் பார்ப்பார். பெர்சி இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும்போதும், ஓசூரில் வேலை பார்க்கிற ஆல்வினைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டபோதும், “அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா நடக்கும்” என்பாள். அவரும் ஏதோ சொல்வார், நடக்கும். பரீட்சை என்றால் படித்தவள் தேறத்தான் செய்வாள், அதில் என் வாக்குக்கு என்ன வேலை என்று அன்று ராத்திரியே அவருக்குத் தோன்றும். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தல். அந்த வார்டுக்குள் தகப்பன்மார்களை விடமாட்டார்கள். தாய் மட்டும் செருப்பைக் கழற்றி, கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போகலாம். ஆண்கள் வராந்தாவில் சிமெண்டு பெஞ்சில். அவர் அந்தப் பெஞ்சில் எட்டு நாள் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள்தான் கதவருகில் கொண்டுவந்து துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். அப்படி இருக்க, பெட்டிக்குப் பக்கத்தில் எப்படி நின்றார்? நின்றதாக அவருக்கே சில சமயம் தெரியும். கண்ணாடியில் தன் மூச்சு படிந்தது கூடத் தெரியும். இருபத்தேழு வருஷம் ஒரு கதையைக் கேட்டால் மூச்சு படியாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் காஜா பாய் நோட்டுக் கடையில் மரத்தடுப்புக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று நோட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனி முடிந்து ஆடி பிறந்திருந்தது. பாளையங்கோட்டைத் தெருவில் குற்றாலக் காற்று புழுதியோடு வந்து நோட்டுகளின் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. “டைரி எடுத்துக்கிடுங்க சார். பாதி வெலைக்குத் தாரேன். பாதி வருஷம் போயிருச்சுல்லா” என்றார் காஜா பாய். பாதி வருஷம் எழுதாமல் கிடக்கிற டைரியை வாங்கினால் முன்பக்கம் முழுக்க வெற்றாக இருக்கும், அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆறு மாசத்தில் நடக்கப்போவது எதையும் நாம் யோசிக்கவே இல்லையே என்று தோன்றும் என்று நினைத்தார். “என்னத்துக்கு சார்? பால் சொசைட்டிக்கா?” “இல்ல பாய். நடக்கப்போறத முன்னாலயே எழுதி வைக்கணும். பிறகு நடந்துச்சா இல்லையான்னு பாக்கணும்.” காஜா பாய் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். “ஜோசியமா?” “அதெல்லாம் இல்ல.” “நடக்கப்போறத எழுதணும்னா டைரி சரியாருக்கும். நடந்து முடிஞ்சத எழுதணும்னா லாங் சைஸ் நோட்டு.” “ரெண்டும் ஒரே பக்கத்துல வரணும் பாய்.” காஜா பாய் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. “இந்தப் பக்கம் பேரு. இங்கிட்டு முப்பத்தொரு கட்டம். வந்துச்சா, டிக்கு. வரலையா, ஆப்சென்ட்டுன்னு ஏ போட்டுருங்க. லீவு லெட்டர் கேக்கணும்னாலும் கேட்டுக்கிடலாம்.” மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் தடவை. உடனே குற்றம் செய்தது போல வாயை மூடிக்கொண்டார், வீட்டில் பெர்சி இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்துக்கிடக்கும்போது கடையில் உட்கார்ந்து என்ன சிரிப்பு.

பெர்சிக்கு முப்பத்திரண்டாம் வாரம். பிரசவத்துக்கு வந்தவளை வியாழக்கிழமை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனபோது பனிக்குடத் தண்ணீர் குறைவு என்றார்கள். படுத்தே இருக்கணும், திங்கட்கிழமை மறுபடியும் பார்ப்போம், இன்னும் குறைந்தால் குழந்தையை எடுத்துவிடுவோம் என்றார்கள். ஆட்டோவில் வரும்போதே ஜெபராணி சொல்லிவிட்டாள்: “அத்தான், நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவளுக்கு அது போதும்.” வியாழன் போய், வெள்ளி போய், இன்று சனி. அவர் இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் டேங்கைப் பார்க்க மாடிக்குப் போனார், பால் வாங்கப் போனார், இல்லாத ஆட்டுக்கு ஊசி போட மூளிக்குளம் வரைக்கும் போனார். சொல்வதற்கு நாக்குப் புரளாமல் போனதற்குக் காரணம் இந்த எழுதி வைக்கிற வேலைதான். மூன்று மாசத்துக்கு முன்னால், பெர்சியின் ஐந்தாம் மாச ஸ்கேனுக்குப் பிறகு, என் வாக்குக்கு உண்மையிலேயே ஏதாவது கனம் இருக்கிறதா, பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார். முதலில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம். கைக்கு அடக்கமாக இருந்தது. ஆனால் ஜெபராணி அவற்றைப் பலசரக்குச் சீட்டு என்று நினைத்தாள். “அத்தான், ‘புதன்கிழமைக்குள்ள மோட்டார் எரியும்’னு எழுதியிருக்கு, இத எந்தக் கடையில வாங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். அப்புறம் பெர்சி போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். அதில் என்ன எழுதினாலும் கீழே ஒரு கோடு வந்து நிற்கும். எத்தனை சதவீதம் நிச்சயம் என்று விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். மழை பெய்யும் என்று எழுதிவிட்டு, அறுபதா எழுபதா என்று குளியலறை வாசலில் துண்டோடு பத்து நிமிஷம் நின்றிருக்கிறார். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் யாரும் அவரிடம் சதவீதம் கேட்டதில்லை. சினை பிடித்திருக்கிறதா என்று கையைப் போட்டுப் பார்ப்பார். கையை எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்த பிறகுதான் சொல்வார். அந்த இரண்டு நிமிஷமும் மாட்டுக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தார். “இருக்கு” அல்லது “இல்ல”, அவ்வளவுதான். தொட்டுப் பார்த்ததைச் சொல்வதற்கும் தொடாததைச் சொல்வதற்கும் உள்ள தூரம் அந்தக் கோட்டை இழுக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மூன்றாவதாக ஆல்வின் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டு, போனில் திறக்கிற மாதிரி அனுப்பினான். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. நன்றாகத்தான் இருந்தது. அது தனக்கு மட்டும் தெரிகிற நோட்டு என்று நினைத்து மாசிலாமணி அதில் ஒரு நாள் விடியற்காலை, “ஆல்வினுக்கு இந்த வேலை தீபாவளி வரை நிலைக்காது. 70” என்று எழுதி வைத்தார். மத்தியானம் திறந்து பார்த்தால் பக்கத்துக் கட்டத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: “மாமா, எழுபது ரொம்ப அதிகம். நாற்பது போடுங்க. ஆல்வின்.” அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை. ராத்திரி ஆல்வின் போன் செய்து, “மாமா, ஐம்பதுன்னு வச்சுக்கிடுவோமா?” என்று சிரித்தான். நல்ல பையன். அவனைப் பற்றி எழுதியவற்றில் நல்லதாக ஒன்றுகூட இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம்தான் தாள், பேனா, யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு நோட்டு என்று முடிவுக்கு வந்தார்.

“சார், இந்தப் பதிவேட்டையே போட்டுரட்டுமா?” காஜா பாய் கேட்டது காதில் விழுந்தது. மாசிலாமணி தலையாட்டினார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாள்களைப் பதிவேட்டின் நீளத்தோடு வைத்துப் பார்த்தார், கட்டத்துக்குள் அடங்குமா என்று. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருந்தார். மொத்தம் அறுபத்து மூன்று. நடந்தவை இருபத்தைந்து. பத்துக்கு நாலு. மாட்டு வைத்தியத்தில் இந்த லட்சணம் என்றால் ஊரில் ஒருவனும் கூப்பிடமாட்டான். ஆனால் அவரை உட்கார வைத்தது அதுவல்ல, அடுத்த எண்ணிக்கை. அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று கெட்டது. மோட்டார் எரியும், தென்னை சாயும், ஜெபராணியின் முழங்காலுக்கு ஆபரேஷன் சொல்வார்கள், பெர்சிக்கு ரத்தம் குறையும். இதில் வந்தது ஏழு. கெட்டது வரும் என்று எண்பது, தொண்ணூறு என்று போட்டு எழுதியவன் அவர். யாரும் பார்க்காத தாளில், யாருக்காகவும் வேஷம் போடாமல், ஒரு ஆள் நாற்பத்தொரு தடவை பயந்திருக்கிறான். இந்த ஆளா கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, “இவ எங்கயும் போக மாட்டா” என்று சொன்னவன்? இருபத்தொன்பது வயதில் தைரியமாக இருந்து, ஐம்பத்தாறில் பயந்தாங்கொள்ளியாக ஆகியிருக்கலாமே என்று ஒரு சமாதானம் எழுந்தது. அதோடு விட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் அதன் பின்னாலேயே பழைய சர்ச் உபதேசியார் ஞாபகத்தில் வந்து நின்றார். பெர்சி பிறந்து மூன்றாம் நாள். மாசிலாமணி சிமெண்டு பெஞ்சிலிருந்து எழுந்து, பஸ் பிடித்து, கோயிலுக்குப் போய், கல்லறைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் பக்கம் இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஜெபராணிக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரியாது. உபதேசியார் ஈர வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தவர், திரும்பாமலே, “மொதல்ல பேரு வைங்க தம்பி” என்றார். அவர் பேர் வைக்கச் சொன்னது ஞானஸ்நானத்துக்காகவா, கல்லில் எழுதுவதற்காகவா என்று இன்றுவரைக்கும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு பேராக யோசித்துப் பார்த்தார். எந்தப் பேரைச் சொன்னாலும் அந்தப் பேருக்கு ஒரு பிள்ளை எழுந்து ஓடியது. அதனால் எந்தப் பேரையும் வைக்கவில்லை. அந்த உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை அறிந்த ஆள் இப்போது அவர் மட்டும்தான்.

பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். காற்று முதுகைத் தள்ளியது. வீட்டுக்குப் போய் ஜெபராணியிடம் கேட்டுவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார். என்ன கேட்பது? நான் அதைச் சொன்னேனா? ஆமா என்பாள், விரலால் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவாள். எந்த நாள், எத்தனை மணிக்கு? இது போலீஸ் கச்சேரி விசாரணை. அந்த வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்களே, நான் எப்படி வந்தேன்? இதைக் கேட்டால் அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்தபோது நடை தானாக மெதுவானது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மீன்காரியிடம் கூட ஒரு ரூபாய்க்குப் பொய் சொல்லமாட்டாள். கதையை அவள் முழுக்க நம்புகிறாள், அதில் சந்தேகமில்லை. நம்பாமல் சொன்னால் வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கும், ஒரு வார்த்தையாவது மாறியிருக்கும். மாறவில்லை. அப்படியானால் அந்த வார்த்தையை அவள் எங்கிருந்தோ கேட்டிருக்கத்தான் வேண்டும். நர்ஸ் சொன்னாளா? பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் தாய் சொன்னாளா? அல்லது அவளே, என்று நினைத்து, சாலையோரம் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டார். ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் போகாமல் அவர் மனம் இருபத்தேழு வருஷம் எப்படிப் பார்த்துக்கொண்டது என்று ஆச்சரியமாக இருந்தது. கதையில் தன் இடத்தைப் பற்றியே யோசித்திருக்கிறார். நான் சொன்னேனா, நான் சொல்லவில்லையா, எனக்கு அந்தப் பெருமைக்குத் தகுதி உண்டா. கதையில் இன்னொரு ஆள் நிற்கிறாளே, அப்போதுதான் பிரசவித்தவள், கால் வீங்கி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு. அவளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் முன்னறைக் கட்டிலிலிருந்து பெர்சி சொன்னாள், “வாங்கப்பா. இன்னைக்கு எந்த ஊரு ஆட்டுக்கு ஊசி?” இடது பக்கமாகப் படுத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்திருந்தாள். கன்னத்தில் பாய் விரிப்பின் கோடு. “கடைக்குப் போனேன்ட்டி.” “மூணு நாளா தப்பிச்சுக்கிட்டே இருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு எங்க வேணாலும் போங்க. நான் என்ன சொத்தா கேக்கேன்?” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்லா இருக்கும், ஒன்றும் ஆகாது. ஐந்து வினாடி வேலை. எல்லாத் தகப்பனும் சொல்வதுதான். சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வேறு மாதிரி ஆனால், அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எங்கே போவது? பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இதப் பாத்துட்டு, பிறகும் நான் சொல்லணும்னா சொல்லுதேன்.” பெர்சி தாள்களைப் பிரித்தாள். “‘கொல்லைத் தென்னை ஆனி முடியுறதுக்குள்ள வீட்டு மேல சாயும். எண்பது.’ சாஞ்சுச்சா?” “இல்ல.” “‘எனக்கு சுகர் வந்திருக்கும். தொண்ணூறு.’” “வரல.” “‘எதிர்வீட்டு நாய்க்கு வெறி புடிக்கும்.’ அடப்பாவமே, அது என்னப்பா செஞ்சுது? ‘அம்மா பஸ்ல பர்ச தொலைப்பா.’ அம்மாவுக்குத் தெரியுமா இது?” “மெதுவா வாசிட்டி.” அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு. “சிரிக்க வைக்காதீங்கப்பா, வயிறு இழுக்கு.” கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “என்னையும் பிள்ளையையும் பத்தி திங்கட்கிழமைக்கு ஒண்ணும் எழுதலையா?” “எழுத உக்காந்தேன். பயம் வந்துச்சு. எந்திரிச்சிட்டேன்.” “எவ்வளவு பயம்? ஆப்ல கேக்குமே, அந்த மாதிரி சொல்லுங்க.” “நூறு” என்றார். குரல் உடைந்ததை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. பெர்சி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் பார்த்தது மாட்டுக்காரிகள் பார்ப்பது போல இருந்தது, ஆனால் இந்தத் தடவை அவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. பிறகு அவள் தாள்களை அடுக்கி, மேலே அவர் எழுதியிருந்த கூட்டலை விரலால் தொட்டாள். “நாப்பத்தொரு தடவ பயந்திருக்கீங்க. ஏழுதான் நடந்திருக்கு. அப்ப பயப்படுங்கப்பா. நல்லா பயப்படுங்க. திங்கட்கிழமை வரைக்கும் விடாம பயந்துக்கிட்டே இருங்க. எனக்கு அது போதும்.” அவர் சரி என்று தலையாட்டினார். வாழ்க்கையில் அவரால் நிச்சயமாகச் செய்ய முடிகிற ஒன்றை முதல் தடவையாக ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று தோன்றியது. அவள் கை அவர் மணிக்கட்டின் மேல் கிடந்தது. சூடாக, கொஞ்சம் வீங்கி, கனமாக.

“என்னட்டி, சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேக்கு?” என்று ஜெபராணி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் துருவிய தேங்காய் ஒட்டியிருந்தது. “அப்பா சொல்லிட்டாங்கம்மா.” “சொல்லிட்டாங்களா?” அவள் முகத்தில் மூன்று நாளாக இழுத்துக் கட்டியிருந்தது எதுவோ தளர்ந்தது. “நான் சொன்னேன்லா, உங்கப்பா லேசுல வாயத் திறக்க மாட்டாங்க, திறந்தா அவ்வளவுதான். அன்னைக்கும் இப்பிடித்தான். நீ அந்தப் பெட்டிக்குள்ள கோழிக்குஞ்சு மாதிரி கெடக்க. மூச்சு விடுதியா இல்லையான்னே தெரியல. டாக்டரம்மா போயிட்டாங்க. நர்ஸ் வெளக்க கொறைச்சிட்டா. இவங்க பக்கத்துல நின்னு குனிஞ்சு பாத்துட்டு, ‘இவ எங்கயும் போக மாட்டா, எழுதி வச்சுக்கோ’ன்னாங்க பாரு. எனக்கு அப்பத்தான் கால்ல தரை தட்டுச்சு.” விரலில் இருந்த தேங்காய்த் துருவல் உள்ளங்கையில் கோடாக இழுபட்டது. பெர்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையில் கேட்ட மாதிரியே. ஜெபராணி அடுப்படிக்குத் திரும்பினாள். மாசிலாமணி எழுந்து பின்னாலேயே போனார். அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீதித் தேங்காய் மூடியை எடுத்துத் துருவலானாள். அவர் சுவரோரமாக, அவளுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தார். அவர் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. “என்ன அத்தான், பசிக்கா? இன்னும் பத்து நிமிசம்.” இல்லை என்று தலையாட்டினார். நெற்றிக்கு மேல் அவள் முடி வெள்ளையாகப் பிரிந்திருந்தது. பாதங்களில் வெடிப்பு. அந்தப் பாதங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த மொசைக் தரையில், மூன்று மணி நேரத்துக்கொரு தடவை, அத்தனை நாள் நடந்து உள்ளே போய்த் திரும்பி வந்தன. வரும்போதெல்லாம் பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதில்லை, கேட்கப் பயம். அவளும் அழுததில்லை. அவர் தயார் செய்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம், நாள், மணி, வார்டு, அங்கி, ஒவ்வொன்றாக வாய் வரைக்கும் வந்து ஒதுங்கிக்கொண்டன. துருவும் சத்தம் ஒரு கணம் நின்றபோது, இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்காத கேள்வி தானாக வெளியே வந்தது:

“ஜெபா, அந்தப் பெட்டிகிட்ட நீ தனியாவா நின்ன?”